ஒளி நிற்கும் நேரம்

சிட்னியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹெலன்ஸ்பர்க்கைத் தமிழர்களுக்குத் தெரிந்திருப்பது ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயிலால்தான். 1985இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில் அது. பெருமாளைச் சேவித்துவிட்டு அதே வளாகத்தில் சிவனையும் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் ஊர் உண்டானது நிலக்கரியால். 1880களில் தொடங்கிய மெட்ரோபாலிட்டன் சுரங்கம்தான் ஹெலன்ஸ்பர்க்கின் ஆதி. அங்கே தோண்டி எடுக்கும் கரி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலச் சதுப்புகளில் நின்ற காடு. குளோசாப்டெரிஸ் என்ற மர இனம் அந்தக் காடுகளில் நிறைந்திருந்தது. அப்போது ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பு. நம் ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரியிலும் இதே மரங்களின் இலைத்தடங்கள் கிடைக்கின்றன.

மரம் நிலக்கரியாக மண்ணின் பாரமும் சூடும் கோடிக்கணக்கான ஆண்டுகளும் வேண்டியிருந்தன. மேசைமேல் வைக்கும் ஒரு லேசர் கட்டர் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் பிளைவுட்டைக் கருக்கிவிடுகிறது. வேதியியலில் இரண்டும் வேறு வேறு வழிகள். லேசர் உண்டாக்குவது அடுப்புக்கரி வகை. அந்த நூறில் ஒரு பங்கு நொடியைக் கூட்டிக் குறைப்பதில்தான் லேசர் வேலையின் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. பெயர்ப்பலகையில் எழுத்தைப் பொறிப்பதும் அந்தப் பலகையை வெட்டி எடுப்பதும் ஒரே ஒளிக்கற்றை செய்கிற வேலைகள். பொறிப்புக்குக் கரி வேண்டும். வெட்டுக்குக் கரி கூடாது. ஒரு பொட்டில் ஒளி எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தனை தடவை திரும்பி வருகிறது என்பதே இரண்டையும் பிரிக்கிறது.

அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் லேசரை 1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல் தண்டைக் கொண்டு செய்தார். மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் கடைகளில் இன்றும் நிறைய இடங்களில் இருப்பது அந்த வகை அல்ல, கரியமில வாயு லேசர். அதை 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் சந்திரகுமார் நாரண்பாய் படேல். மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறுகூட ஆகியிருக்காது.

இந்த வகை லேசரின் குழாயில் இருக்கும் வாயுக்கள் நாம் மூச்சுவிடும் காற்றிலும் இருப்பவைதான்: கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம். மின்சாரம் பாய்ந்ததும் நைட்ரஜன் மூலக்கூறு அதிரத் தொடங்கும். அந்த அதிர்வின் ஆற்றலும் கரியமில வாயு மூலக்கூறின் ஒரு குறிப்பிட்ட அதிர்வின் ஆற்றலும் கிட்டத்தட்ட சமம். மோதும்போது நைட்ரஜன் தன் அதிர்வை அப்படியே கரியமில வாயுவிடம் ஒப்படைத்துவிடுகிறது. கரியமில வாயு அதில் ஒரு பங்கை 10.6 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியாக வெளியிடுகிறது. மிச்ச ஆற்றலோடு நிற்கும் மூலக்கூறை ஹீலியம் தட்டி அடக்கி, அடுத்த சுற்றுக்குத் தயாராக்குகிறது. கொடுத்த மின்சாரத்தில் 10 முதல் 20 சதவீதம் ஒளியாகிறது; மற்றதெல்லாம் சூடு. சிட்னியின் ஜனவரி வெயிலில் குழாயைச் சுற்றி ஓடும் தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் வைத்தே தீரவேண்டும் என்பது இதனால்தான்.

மனித உடம்பின் சூட்டிலிருந்து நாம் எல்லோரும் எந்நேரமும் அகச்சிவப்பு ஒளியை வெளிவிட்டபடி இருக்கிறோம். அதன் உச்சம் 9 முதல் 10 மைக்ரான் அருகில் இருக்கிறது. மரத்தை அறுக்கும் ஒளி நம் உடம்பிலிருந்து கசியும் ஒளிக்குப் பக்கத்து வீட்டுக்காரன். கண்ணுக்கு இரண்டும் தெரியாது. இந்த அலைநீளத்துக்குச் சாதாரணக் கண்ணாடி சுவர் மாதிரி, உள்ளே விடாது. ஆகவே லென்ஸைத் துத்தநாக செலினைடில் செய்கிறார்கள்; மஞ்சள் பூத்த, பார்க்க இனிப்பு மிட்டாய் போன்ற வில்லை அது. ஒளி ஊடுருவும் தெளிவான அக்ரிலிக்கும் இந்த ஒளியை விழுங்கிவிடும். அதனால் அக்ரிலிக்கை இது வெட்டுகிறது. அதனால்தான் இயந்திரத்தின் மூடியிலுள்ள அக்ரிலிக் ஜன்னலே சிதறி வரும் ஒளியிலிருந்து நம் கண்ணைக் காக்கவும் செய்கிறது. இப்போது மலிவாக வரும் நீல டயோடு லேசர்கள் 450 நானோமீட்டர் அருகில் வேலை செய்பவை. தெளிவான அக்ரிலிக்கில் அந்த நீல ஒளி ஒரு தடமும் பதிக்காமல் ஊடுருவிப் போய்விடும்.

குழாயிலிருந்து வரும் 40 வாட் கற்றை சுமார் 6 மி.மீ தடிமன் இருக்கும். இரண்டு அங்குலக் குவியத்தூரமுள்ள லென்ஸ் அதை ஒடுக்கி ஏறத்தாழ 0.1 மி.மீ பொட்டாக்குகிறது. ஒரு சதுர மி.மீட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 5,000 வாட். உச்சிவெயில் அதே சதுர மி.மீட்டரில் தருவது ஆயிரத்தில் ஒரு வாட். ஐம்பது லட்சம் மடங்கு. இந்தப் பொட்டின் அடியில் மரம் உருகுவதில்லை. மரத்துக்கு உருகத் தெரியாது. செல்லுலோஸும் அதன் கூட்டாளிகளும் 200, 300 டிகிரி தாண்டியதும் சிதைந்து புகையாகிவிடுகின்றன. லிக்னின் மெல்லச் சிதைந்து கரியை விட்டுப் போகிறது. ஆற்றல் ஒடுங்கி விரைவாக இறங்கினால் பெரும்பகுதி புகையாகிக் குழி விழும். பரந்து மெதுவாக இறங்கினால் கரி மிஞ்சும்.

பொறிப்பில் இந்தக் கரிதான் மை. ஓலைச்சுவடி எழுதியவர்கள் எழுத்தாணியால் கீறியபின் விளக்குக் கரியைத் தடவித் துடைத்து எழுத்தைத் துலங்கவைத்தார்கள். கீறுவதும் மையிடுவதும் அங்கே இரண்டு வேலை. லேசரில் கீறலே மை. எழுத்து வெளிறித் தெரிந்தால் பவரை ஏற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஆனால் பவர் ஏற ஏறக் குழி ஆழமாகுமே தவிர நிறம் அவ்வளவாகக் கறுக்காது. கரியாக வேண்டியது புகையாகப் போய்விடும். லென்ஸை ஓரிரண்டு மி.மீ உயர்த்திப் பொட்டைச் சற்றே கலங்கலாக்கிப் பாருங்கள். ஆற்றல் பரவும், ஆழம் குறையும், எழுத்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்.

பொறிப்பில் லென்ஸைத் தாங்கிய தலை இடமும் வலமும் ஓடி, வரி வரியாகக் கீழிறங்கும். வரிக்கும் வரிக்கும் இடைவெளி பொட்டின் அகலத்துக்குச் சமமாக, அதாவது 0.1 மி.மீ அருகில் இருந்தால் பரப்பு சீராக நிறையும். 200 மி.மீ சதுரத்துக்கு 2,000 வரிகள். மொத்த ஓட்டம் 400 மீட்டர். நொடிக்கு 400 மி.மீ வேகத்தில் போனாலும் 1,000 நொடி, பதினேழு நிமிடம் ஆகும். திரும்புமிடங்களில் வேகம் குறைந்து கூடும் நேரம் தனி. அந்தத் திரும்புமிடங்களில் லேசரை அணைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்கள் கறுத்துவிடும். மென்பொருளில் ஓவர்ஸ்கேன் என்று இருப்பது இதற்காகத்தான். படத்தின் இரு பக்கமும் தலை சற்றுத் தூரம் சும்மா ஓடி, வேகம் சீரானபின் உள்ளே நுழையும்.

வெட்டுக்கு வருவோம். இங்கே தலை கோட்டின் மேலேயே போகும். நொடிக்கு 10 மி.மீ வேகத்தில் போனால் 0.1 மி.மீ பொட்டு ஒவ்வோர் இடத்திலும் நூறில் ஒரு நொடி நிற்கிறது. அந்த நேரத்தில் மரத்துக்குள் சூடு பக்கவாட்டில் ஏறத்தாழ 0.08 மி.மீ பரவும். சூடு பரவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நேரத்தை நாலில் ஒன்றாக்கினால் தூரம் பாதியாகும். 40 வாட்டை 10 மி.மீ வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு மி.மீ கோட்டுக்கும் 4 ஜூல் இறங்குகிறது. வேகத்தை 20 ஆக்கி இரண்டு பாஸ், அதாவது அதே கோட்டில் இரண்டு தடவை, ஓட்டினாலும் அதே 4 ஜூல்தான்.

கராஜில் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் ஒருமுறை கேட்டான்: “அதே இடத்துல ரெண்டு தடவை போனா ரெண்டு மடங்கு கருகாதா, மாமா?”

நியாயமான கேள்வி. கோயிலில் கற்பூர ஆரத்தி வரும்போது எல்லோரும் தீக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். இரண்டு தடவை, மூன்று தடவை ஒற்றினாலும் கை சுடுவதில்லை. அத்தனை நேரத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் கையைத் தீயில் வைத்திருந்தால் கொப்பளித்துவிடும். மொத்தச் சூடு ஒன்றே. நடுவில் கிடைத்த இடைவெளிதான் வேறு. பிளைவுட்டுக்கும் அதேதான். முதல் பாஸ் முடிந்து தலை சுற்றி வருவதற்குள் விளிம்பு ஆறிவிடுகிறது. சூட்டுக்குப் பக்கத்து மரத்தில் ஊறிப் பரவ நேரம் கிடைப்பதில்லை. தலையோடு வரும் காற்றுக்குழல் புகையை வெளியே ஊதித் தள்ளியிருக்கும். புகைக்குள் ஒளி வீணாகாமல் அடுத்த பாஸ் நேராக அடிமரத்தைத் தொடும். தீப்பற்றும் வாய்ப்பும் குறைவு. ஓரம் கன்னங்கரேலென்று இல்லாமல் பழுப்பாக நிற்கும்; விரலால் தடவினால் கரி அவ்வளவாக ஒட்டாது.

அப்படியானால் வேகத்தை நூறாக்கிப் பத்து பாஸ் விடலாமே என்று தோன்றும். அது நடக்காது. ஒவ்வொரு பாஸும் மரத்தைப் புகையாக்கும் அளவுக்காவது பலத்தோடு இறங்கியாக வேண்டும். அதற்குக் கீழே போனால் மேல்தோல் கருகுமே தவிரக் குழி ஆழமாகாது. கரியைப் பெயர்ப்பது மரத்தைப் பெயர்ப்பதைவிடப் பல மடங்கு கடினம். கரி எளிதில் ஆவியாகாது. 3,000 டிகிரிக்கு மேல் போகவேண்டும், அல்லது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியவேண்டும். குழியின் அடியில் கரி தங்கிவிட்டால் அடுத்தடுத்த பாஸ்கள் அந்தக் கரியோடே மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும். என் கருத்தில் மூன்று மி.மீ பிளைவுட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு, ஆறு மி.மீக்கு இரண்டு அல்லது மூன்று பாஸ் போதும். ஐந்தாவது பாஸ் கேட்கிறது என்றால் லென்ஸ் அழுக்காகியிருக்கிறது, ஃபோகஸ் தவறியிருக்கிறது, அல்லது பலகை அந்த இயந்திரத்துக்கு ஏற்றதல்ல.

நான்கு பாஸ் நான்கு மடங்கு ஆழம் தருவதுமில்லை. ஒடுங்கிய பொட்டு லென்ஸுக்குக் கீழே எல்லா ஆழத்திலும் ஒடுங்கியே இருப்பதில்லை. இரண்டு அங்குல லென்ஸில் ஏறத்தாழ இரண்டு மி.மீ தூரத்துக்குத்தான் கற்றை மெலிந்திருக்கும். மேலேயும் கீழேயும் விரிந்துவிடும். குழி ஆழமாக ஆக, பொட்டு அகன்று வலுவிழக்கிறது, பக்கச் சுவர்களும் ஒளியைத் தின்கின்றன. தடித்த பலகையில் ஃபோகஸை மேற்பரப்பில் வைக்காமல் தடிமனின் நடுவில் வைப்பது ஒரு வழி. ஒவ்வொரு பாஸுக்கும் தலையோ பலகை கிடக்கும் மேடையோ சற்று நகரும்படி அமைப்பது இன்னொரு வழி. லைட்பர்ன் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு வண்ண லேயருக்கும் பாஸ் எத்தனை, ஒரு பாஸுக்கு எவ்வளவு இறங்குவது என்று தனித்தனியே கொடுக்க இடம் இருக்கிறது. சிவப்புக் கோடு வெட்டு, கறுப்பு நிரப்பு பொறிப்பு, நீலம் மெல்லிய கீறல் என்று வண்ணத்துக்கு ஒரு வேலை ஒதுக்கிவிடலாம்.

தமிழ் எழுத்தை வெட்டுகிறவருக்கு இங்கே தனியாகச் சில சங்கடங்கள் உண்டு. ஆங்கிலப் பெயர்ப்பலகைக்காரர்களுக்கு இவை இவ்வளவு வருவதில்லை. ‘ஹெலன்ஸ்பர்க்’ என்ற ஊர்ப்பெயரையே மூன்று மி.மீ பிளைவுட்டில் எழுத்து எழுத்தாக வெட்டி எடுக்க நினைப்போம். ன், ஸ், ர், க் என நான்கு புள்ளிகள். நான்கும் எழுத்தோடு ஒட்டாதவை. வெட்டியதும் மேடையின் தேன்கூட்டுக் கண்ணிகளுக்குள் விழுந்து தொலைந்துபோகும். புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையைத் தொடவைக்க வேண்டும், அல்லது பின்பலகை ஒன்றில் ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் மெல்லிய கீறலாகப் பொறித்துவைத்து அதன்மேல் ஒட்டவேண்டும். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது. எழுத்தின் வடிவம் கெடாது. எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றுப்பலகையை ஸ்டென்சிலாக வைத்துக்கொள்வதானால் சிக்கல் தலைகீழாகும். கொம்பின் சுழியும் ஹ, ல, ன, ஸ, க எழுத்துகளின் மூடிய கண்களும் விழுந்துவிடும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஓரிரண்டு மி.மீ பாலம் விட்டுத்தான் தீரவேண்டும். கோலத்தை எம்.டி.எஃப்பில் ஸ்டென்சிலாக வெட்டுகிறவர்களுக்கும் சிக்குக்கோலத்தில் இதே கதைதான். கோடு மூடிக்கொள்ளும் இடமெல்லாம் ஓட்டை.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. சொல்லின் எழுத்துகளை ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கி முழுச் சொல்லையும் ஒரே துண்டாக எடுக்க விரும்புவோம். திரையில் ஒரே கறுப்பு வடிவமாகத் தெரியும். உள்ளே ஒவ்வொரு எழுத்தின் எல்லைக்கோடும் தனித்தனியே இருக்கும். இயந்திரம் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றையும் வெட்டி, ஒட்டியிருக்கவேண்டிய இடத்திலேயே எழுத்துகளைப் பிரித்துவிடும். எழுத்துருவைக் கோடுகளாக மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தபின்தான் வெட்டுக்கு அனுப்பவேண்டும். ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படிகள் கிடந்தால் அது நாம் கேட்காத இரண்டாவது பாஸ். ஒரு பக்க ஓரம் மட்டும் மற்றதைவிடக் கறுத்து, அகன்று வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது அதைத்தான்.

வேலைகளின் வரிசையும் முக்கியம். பொறிப்பு முதலில், உள்ளோட்டைகள் அடுத்து, வெளிக்கோடு கடைசியில். பலகை முழுசாக, தட்டையாகக் கிடக்கும்போதே பொறிப்பு முடிந்துவிட வேண்டும். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு கழன்று, அரை மி.மீ நகர்ந்தாலும் எழுத்து ஓரத்துக்குப் போய்விடும். பல பாஸ் வெட்டுக்கு இது இன்னும் கறார். இரண்டாவது பாஸ் முதல் பாஸின் 0.1 மி.மீ தடத்துக்குள்ளேயே இறங்கவேண்டும். முதல் பாஸிலேயே ஓரிடம் முழுதாக அறுந்து துண்டு சாய்ந்துவிட்டால், இரண்டாவது பாஸ் அதன் முதுகைக் கருக்கிவிட்டுப் போகும். ஆகவே மழைக்கால ஈரத்தில் வளைந்த பிளைவுட்டை நாலு மூலையிலும் அழுத்திப் பிடிக்கவேண்டும். வேலை நடக்கும்போது மேடையைத் தொடக்கூடாது. மேற்பரப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் புகைக்கறை டேப்போடு உரிந்துபோகும்.

ஆஸ்திரேலியாவில் லேசருக்கு எனக்குப் பிடித்தது ஹூப் பைன் பிளைவுட். வெளிர் நிறம், நெருக்கமான இழை, பொறிப்பு பளிச்சென்று தெரியும். ஜாரா மாதிரி யூகலிப்டஸ் மரங்கள் கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். அடர்த்தி கூடக்கூட அதே ஆழத்துக்கு அதிக ஆற்றல் வேண்டும். அவற்றில் பொறிப்பு அழகு, வெட்டு கஷ்டம். பிளைவுட்டில் மரத்தைவிட அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பசைதான் பெரும்பாலும் தடை. ஓரிடத்தில் பசை திரண்டிருந்தால் மற்ற இடமெல்லாம் அறுந்து அந்த ஒரு புள்ளி மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அக்ரிலிக்குக்கு மரத்தின் நியாயம் பொருந்தாது. அது சூட்டில் தன் மூலக்கூறுச் சங்கிலி அவிழ்ந்து கரியில்லாமல் ஆவியாகிறது. விளிம்பு லேசாக உருகி ஆறும்போது கண்ணாடி போல் மெருகேறுகிறது. அங்கே மெதுவான ஒரே பாஸ்தான் நல்லது. இரண்டு மூன்று பாஸ் விட்டால் விளிம்பில் வரி வரியாகத் தடம் விழும். பொறிப்புக்கு வார்ப்பு அக்ரிலிக் வாங்கவேண்டும். அது வெண்பனி போல் பொறிபடும். பிதுக்கிச் செய்த மலிவு அக்ரிலிக்கில் எழுத்து மங்கலாகத்தான் தெரியும். பி.வி.சி. தகட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வைக்கக்கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் சேர்த்தே அரிக்கும். சுற்றிலும் காடு இருக்கிற ஹெலன்ஸ்பர்க் மாதிரி ஊரில், கோடையில், லேசர் ஓடும்போது காபி போட உள்ளே போகிற பழக்கமும் வேண்டாம். தீ பற்ற ஒரு நிமிடம் போதும். அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

புதுப் பலகை வந்ததும் அதன் ஓரத்தில் ஒரு சோதனைக் கட்டம் வெட்டுவது நல்ல பழக்கம். மேலிருந்து கீழே வேகம், இடமிருந்து வலம் பவர், ஒவ்வொரு கட்டத்திலும் சிறு சதுரம். எண்களை இயந்திரமே பக்கத்தில் பொறித்துவிடும். எந்தச் சதுரம் தானாகக் கீழே விழுந்தது, எது விரல்தட்டினால் விழுகிறது, எதன் ஓரம் வெளிறியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அடுத்து அதே கட்டத்தை இரட்டை வேகத்தில் இரண்டு பாஸ் வைத்து ஓட்டி, இரண்டின் ஓரங்களையும் வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கவேண்டும். துணியில் குறைவாகக் கரி படிவது எதுவோ அதன் எண்களே அந்தப் பலகைக்கு. அடுத்த கட்டுப் பிளைவுட் வந்தால் பசையும் ஈரமும் வேறாக இருக்கும். மறுபடி ஒரு கட்டம்.